உதிர்ந்துபோன உப்பு சோப்பு: எண்ணெய், உப்பு அளவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கத்தியை வைத்து அழுத்தினேன். சோப்பு வெட்டுப்படவில்லை, உடைந்தது. ஓரத்தில் ஒரு பெரிய துண்டு கழன்று விழுந்தது. அடுத்த வெட்டில் மேசை முழுக்க ஈர மணல் போலத் துகள்கள். முதல் நாள் மாலை, முதல்முறையாக நிறைய உப்பு சேர்த்து அச்சில் ஊற்றும்போது அருமையாக இருந்த கூழ் அது. பன்னிரண்டு கட்டிகள் வர வேண்டிய இடத்தில் உடையாமல் தேறியது மூன்று. அந்த மூன்றையும் ஆறு வாரம் காயவைத்து ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவள் சொன்னாள்: "தேய்ச்சுகிட்டே இருக்கேன், நுரையே வரலடி. கையில பிசுபிசுன்னு ஏதோ ஒட்டுது, அவ்வளவுதான்."

அதற்கு முன் நான் செய்த சாதாரண சோப்புகள் எதிலும் இப்படி நடந்ததில்லை. அதனால் இதை விட்டுவிட மனம் வரவில்லை. என்ன தவறு, எந்த இடத்தில், எத்தனை உப்புக்கு எந்த எண்ணெய் என்று தெரியும்வரை சிறு சிறு பேட்ச்சாகச் செய்து பார்த்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பேட்ச்

என் வழக்கமான குளிர்முறைச் செய்முறையை, அதாவது அடுப்பில் காய்ச்சாமல் செய்யும் முறையை, அப்படியே எடுத்துக்கொண்டேன். மொத்த எண்ணெய் 500 கிராம்: ஆலிவ் எண்ணெய் 250, தேங்காய் எண்ணெய் 150, ஷியா வெண்ணெய் (ஷியா மரக்கொட்டையின் கொழுப்பு) 75, விளக்கெண்ணெய் 25. காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்கும் காரம்) 70 கிராம், தண்ணீர் 140 கிராம். இந்தக் கணக்கில் ஏறத்தாழ 5 சதவீத எண்ணெய் சோப்பாக மாறாமல் மிஞ்சும். சோப்பு செய்பவர்கள் சூப்பர்ஃபேட் என்பது இதைத்தான். கூழ் ட்ரேஸ் பதத்துக்கு வந்ததும், அதாவது கரண்டியிலிருந்து சொட்டுவது மேற்பரப்பில் தடம் விட்டு நிற்கும் பதம் வந்ததும், 500 கிராம் உப்பைக் கொட்டிக் கிளறினேன். எண்ணெயின் எடைக்குச் சமமாக உப்பு, அதாவது 100 சதவீதம். உப்பு சோப்பில் இந்த சதவீதத்தை எப்போதும் எண்ணெயின் எடையை வைத்தே சொல்வார்கள். மொத்தக் கூழின் எடையை வைத்து அல்ல. உப்பு வினையில் சேராது, அதனால் காஸ்டிக் சோடா கணக்கில் அதற்கு இடமில்லை.

சாதாரண சோப்புக்கு இந்த எண்ணெய்க் கலவை மிக நல்லது. மென்மையாக இருக்கும், தோலை வறட்டாது. அதில் உப்பைச் சேர்த்தால் உப்பு சோப்பு ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். எண்ணெய் ஒரு முடிவு, உப்பு வேறொரு முடிவு என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்ததுதான் பிழை. எனக்கு அது புரிந்தது உடைந்த துகள்களைக் கரைக்கப் போனபோது.

துகள்களை வீணாக்க வேண்டாம், கரைத்துத் தரை துடைக்கவாவது வைத்துக்கொள்ளலாம் என்று 100 கிராம் துகளை 250 கிராம் சூடான தண்ணீரில் போட்டுக் கிளறி மூடிவைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால், மேலே தயிர் உறைந்த மாதிரி வெள்ளையாக ஒரு படலம், ஒரு விரல் கனம். அதன் கீழே கலங்கலான நீர். கரண்டியால் படலத்தை அள்ளித் தனியாக வேறு தண்ணீரில் போட்டேன். மெதுவாகக் கரைந்து நுரைத்தது. அது சோப்புதான். உப்புநீரில் கரைய முடியாமல் மேலே ஒதுங்கி நின்றிருக்கிறது.

உப்பு சோப்பை ஒதுக்கும் விதம்

பெரிய கொப்பரையில் சோப்பு காய்ச்சும் ஆலைகளில் இதை வேண்டுமென்றே செய்வது பழைய வழக்கம். காய்ச்சிய கூழில் உப்பைச் சேர்ப்பார்கள். சோப்பு தயிர்போலப் பிரிந்து மேலே வரும், கிளிசரினும் உப்பும் மிச்சக் காரமும் கீழே நீரோடு நிற்கும். சோப்பு என்பது எண்ணெயிலுள்ள கொழுப்பமிலமும் சோடியமும் சேர்ந்த பொருள்; சமையல் உப்பிலும் சோடியம் உண்டு. நீரில் ஏற்கெனவே ஏராளமான சோடியம் இருந்தால் சோப்பு கரைந்து நிற்க இடமில்லாமல் வெளியேறிவிடும்.

எல்லாச் சோப்பும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். ஆலிவ் எண்ணெயில் மிகுதியாக இருக்கும் ஒலியிக் அமிலம், ஷியாவில் இருக்கும் ஸ்டியரிக் அமிலம் இரண்டும் 18 கார்பன் கொண்ட நீண்ட சங்கிலிகள். இவற்றின் சோப்பு குறைந்த உப்பிலேயே ஒதுங்கிவிடும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். அடுத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிரிஸ்டிக் அமிலம், 14 கார்பன். சங்கிலி குட்டையானதால் இவற்றின் சோப்பு அதைவிடக் கணிசமாக அதிக உப்பைத் தாங்கி, கரைந்தே நிற்கும். கடல்நீரில் குளிக்க வேண்டியிருந்த மாலுமிகளுக்குத் தேங்காய் எண்ணெய் சோப்பு செய்யப்பட்டதும் இதே காரணத்தால்தான்.

இப்போது ஒரு உப்பு சோப்பை ஈரக் கையில் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் கரைவது மேற்பரப்பில் இருக்கும் உப்பு. கட்டிக்கும் தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகிறது, அதுவும் கெட்டியான உப்புநீர். சோப்பு கரைய வேண்டியது அந்தப் படலத்தில். லாரிக் சோப்பு கரைந்து நுரைக்கும்; ஆலிவ் சோப்பு அக்கா சொன்ன பிசுபிசுப்பாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். என் முதல் பேட்ச்சில் தேங்காய் எண்ணெய் வெறும் 30 சதவீதம். அப்படியென்றால் மொத்தக் கொழுப்பில் லாரிக் 14 சதவீதம்தான். அதன் தலையில் 100 சதவீத உப்பை ஏற்றியிருந்தேன்.

துகளாக உதிர்ந்ததற்கும் காரணம் பாதி இதுதான். கூழுக்குள் இருந்த நீரில் உப்பு கொஞ்சம் கரைந்ததும், உருவாகிக்கொண்டிருந்த சோப்பு ஒன்றோடொன்று பிணையாமல் மணிமணியாகத் திரண்டுவிட்டது. மீதிப் பாதி, நான் ஒரு இரவு முழுக்க அதை அச்சிலேயே விட்டது. வெட்டும் நேரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே கூழ், நான்கு கிண்ணம்

எண்ணெய் எதுவென்று தெளிவானது. உப்பு எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி. நான்கு தனி பேட்ச் செய்தால் வெப்பம், பதம், கிளறும் நேரம் எல்லாம் மாறிப்போகும்; எது எதனால் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே கூழை நான்காகப் பிரித்தேன்.

எண்ணெய் 600 கிராம்: தேங்காய் 480, ஆலிவ் 72, விளக்கெண்ணெய் 48. காஸ்டிக் சோடா 83 கிராம், தண்ணீர் 166 கிராம், சூப்பர்ஃபேட் 20 சதவீதம். மெல்லிய ட்ரேஸ் வந்ததும் கிண்ணத்துக்கு 212 கிராம் வீதம் ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் 150 கிராம் எண்ணெய் இருக்கும். அவற்றில் 25, 50, 75, 100 சதவீதக் கணக்கில் முறையே 37.5, 75, 112.5, 150 கிராம் தூளுப்பு. தனித்தனிக் குழி அச்சில் ஊற்றி, அடுத்த நாள் எடுத்து, ஆறு வாரம் காற்றோட்டமான தட்டில் வைத்தேன்.

25 சதவீதக் கட்டியில் குமிழி நன்றாக வந்தது. வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. ஆனால் உப்பு சோப்பு என்று கையில் எடுத்ததும் தெரியும் அந்தப் பளிங்குக் கனம் இல்லை. உப்பைப் புதிதாகச் சேர்த்துப் பார்ப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

50 சதவீதம் எனக்கு மிகவும் பிடித்தது. குமிழி சிறுத்து, நுரை பாலாடை மாதிரி அடர்த்தியானது. கட்டி உறுதி, ஓரம் உதிரவில்லை, கழுவியபின் தோலில் ஒரு வழவழப்பு. தினமும் பயன்படுத்த இதுவே போதும் என்று அப்போதே தோன்றியது, இன்றும் அதே எண்ணம்தான்.

75 சதவீதத்தில் நுரை இன்னும் தணிந்து லோஷன் போலானது. சிலர் தேடுவதே இதைத்தான், அதனால் குறை என்று சொல்லமாட்டேன். 100 சதவீதக் கட்டி கல். முதல் சில தடவை கையில் நுரை எழவே நேரம் பிடித்தது. லாரிக் சோப்பும் எல்லையில்லாமல் உப்பைத் தாங்காது என்பது அதில் தெரிந்தது. இன்னொரு கட்டியை மூன்று மாதம் கழித்து எடுத்தபோது நுரை தெளிவாக மேம்பட்டிருந்தது. உப்பு கூடக்கூடக் காத்திருக்கும் காலமும் கூடவேண்டும் என்று எழுதிவைத்தேன்.

எடைக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 100 சதவீத உப்பு போட்டுக் காய்ந்த 100 கிராம் கட்டியில் 45 கிராம் போல வெறும் உப்பு. 50 சதவீதக் கட்டியில் 30 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உப்பைக் கூட்டும்போது கட்டியில் சோப்பு குறைகிறது என்பதை மறக்கக் கூடாது.

சூப்பர்ஃபேட்: விட்டுக்கொடுக்க முடியாத எண்

தேங்காய் எண்ணெய் சோப்பு அழுக்கோடு தோலின் எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். லாரிக் சோப்பின் குணம் அது. உப்புக்காகத் தேங்காய் எண்ணெயை 80 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு, சூப்பர்ஃபேட்டை மட்டும் வழக்கமான 5 சதவீதத்தில் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, அதே எண்ணெய்க் கலவையில் 50 சதவீத உப்போடு இரண்டு சிறு பேட்ச் செய்தேன். ஒன்று 5 சதவீதம், மற்றது 20.

5 சதவீதக் கட்டியால் கை கழுவி ஈரம் காய்ந்ததும் விரல் மூட்டுகளில் தோல் இழுத்தது. நான்காம் நாள் புறங்கையில் வெள்ளைக் கோடுகள். 20 சதவீதக் கட்டியில் அது இல்லை. நுரை கொஞ்சம் குறைந்ததும் உண்மைதான், ஆனால் வேறு எண்ணெயாக இருந்தால் அவ்வளவு மிச்ச எண்ணெய் நுரையையே அமுக்கியிருக்கும். லாரிக் சோப்பு அதையும் மீறி நுரைக்கும். 15 முதல் 20 சதவீதம் என்று பலரும் பரிந்துரைப்பது சரியான இடம்தான். உங்கள் தோல் எண்ணெய்ப் பசை அதிகம் உள்ளதென்றால் 15, இல்லையென்றால் 20.

இங்கே கவனிக்க இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 20 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் கட்டிக்குள் மாதக்கணக்கில் இருக்கப்போகிறது. குளிர்முறையில் மிஞ்சும் எண்ணெய் எது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லா எண்ணெயிலும் கொஞ்சம் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, எளிதில் சிக்கு வாடை பிடிக்காது. ஆலிவும் ஓரளவு தாங்கும். ஆலிவுக்குப் பதில் அதே 12 சதவீதம் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி ஒரு பேட்ச் செய்தேன். நான்காம் மாதம் கட்டிகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள், மூக்கருகே கொண்டுபோனால் பழைய எண்ணெய் நாற்றம். சூரியகாந்திபோல லினோலியிக் அமிலம் மிகுந்த, எளிதில் சிக்கு வாடை பிடிக்கும் எண்ணெய்களை உப்பு சோப்பில் நான் இனி சேர்ப்பதில்லை.

மற்ற எண்ணெய்கள் பற்றிச் சுருக்கமாக

லாரிக் தரும் எண்ணெய்கள் தேங்காயைத் தவிர பாம் கர்னலும் (எண்ணெய்ப்பனையின் விதைப்பருப்பு எண்ணெய்) பபாசுவும் (பிரேசிலின் ஒரு பனைவகையின் கொட்டை எண்ணெய்). தேங்காய்க்குப் பதில் இவற்றைப் போடலாம், ஆனால் காஸ்டிக் சோடாவை மறுபடி கணக்கிட்டுத்தான். பாமாயில் வேறு, பாம் கர்னல் எண்ணெய் வேறு. பாமாயிலில் லாரிக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் குளிரில் உறையாத, பிரித்தெடுக்கப்பட்ட தேங்காய் எண்ணெயும் கூடாது. அதிலிருந்து லாரிக்கை நீக்கிவிட்டு 8, 10 கார்பன் அமிலங்களை மட்டுமே வைத்திருப்பார்கள்.

விளக்கெண்ணெய் 5 முதல் 10 சதவீதம் நுரையைப் பிடித்துவைக்கும். அதற்கு மேல் போனால் கட்டி ஒட்டும். ஷியா 10 சதவீதம் வரை சரி. தேங்காய் எண்ணெய் மட்டுமே போட்டு 20 சதவீத சூப்பர்ஃபேட்டோடு செய்தாலும் நல்ல சோப்பு வரும். எளிமையை விரும்புகிறவர்கள் அதையே செய்யலாம். தேங்காய் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உப்பையும் 25 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள்.

எந்த உப்பு

நைசான தூளுப்பு. கடல் உப்போ சுரங்க உப்போ, அயோடின் சேர்த்ததோ சேர்க்காததோ, கட்டியில் நான் வித்தியாசம் காணவில்லை. கல்லுப்பை அப்படியே போடாதீர்கள். அதன் முனைகள் தோலைக் கீறும். தேயத் தேய மேலே துருத்திக்கொண்டு வரும். இந்துப்பும் மணி பெரிதாக இருந்தால் இதே கதைதான். அரைத்துச் சலித்துப் போட்டால் சரி.

சாக்கடல் உப்பும் எப்சம் உப்பும் வேண்டவே வேண்டாம். சாக்கடல் உப்பில் சோடியம் குளோரைடைவிட மெக்னீசியம் குளோரைடு அதிகம். எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் சோப்போடு சேர்ந்தால் கரையாத படிவாகும், கடின நீரில் வாளியின் ஓரத்தில் படியும் அதே சாம்பல் வளையம். தவிர, மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியை அழவைக்கும். சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர் கோக்கத் தொடங்கும். மழை நாட்களில் கட்டியின் மேல் முத்து முத்தாகத் துளி நின்றால் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு வறண்ட இடத்தில் வையுங்கள்.

தோலுக்குள் தாது சேரும், நச்சு வெளியேறும் என்ற பேச்சை நான் நம்பவில்லை. அரை நிமிடத்தில் கழுவிப் போகிற பொருள் இது. உப்பு தருவது உறுதி, நுரையின் அடர்த்தி, கழுவியபின் இருக்கும் வழவழப்பு. எனக்கு அது போதும். வெட்டுக்காயத்திலும் அப்போதுதான் மழித்த இடத்திலும் எரியும், அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்போது நான் செய்யும் விதம்

தேங்காய் எண்ணெய் 400 கிராம், ஆலிவ் 60, விளக்கெண்ணெய் 40. முழுக்கச் சோப்பாக்க ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா, ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 86.4 கிராம். அதில் 20 சதவீதம் கழித்தால் 69. தண்ணீர் இரு மடங்கு, 138 கிராம். தூளுப்பு 250 கிராம்.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தண்ணீரைக் காஸ்டிக் சோடா மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. கரைசலும் எண்ணெயும் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது கலந்து, மெல்லிய ட்ரேஸ் வரை பிளெண்டரை ஓட்டி, நிறுத்திவிடுங்கள். உப்பைச் சேர்த்தபின் கரண்டி மட்டும்தான். ட்ரேஸ் வருமுன் சேர்த்தால் உப்பு அடியில் தங்கும். கெட்டியான பிறகு சேர்த்தால் ஊற்றவே முடியாது.

நீளமான அச்சு என்றால் பக்கத்திலேயே இருங்கள். ஒன்றரை மணி நேரத்திலிருந்து விரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். கட்டி இன்னும் வெதுவெதுப்பாக, அழுத்தினால் குழி விழாமல் ஆனால் நகம் இறங்கும் பதத்தில் இருக்கும் அந்தச் சமயம்தான் வெட்ட வேண்டிய நேரம். எனக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் அது வருகிறது. ஆற விட்டால் என் முதல் பேட்ச் மாதிரி உடையும். வெட்டும்போதும் கையுறை வேண்டும், காரம் இன்னும் முழுதாக வினைபுரிந்திருக்காது. இந்தக் காவல் வேலை வேண்டாம் என்றால் குழி அச்சு வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு சோப்புக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

காய்ந்தபின் நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்புக் கரிக்கும், அது இயல்பு. சுரீரென்று மின்கலத்தைத் தொட்டதுபோல் குத்தினால்தான் காரம் மிச்சம் இருக்கிறது.

அக்காவுக்கு

50 சதவீதக் கட்டியைக் கொடுத்தேன். "இது நுரைக்குது. ஆனா எனக்கு அந்த ஆலிவ் சோப்பு மாதிரி வேணும்" என்றாள். நியாயமான ஆசைதான். அவள் தோல் வறண்டது, ஆலிவ் மிகுந்த பழைய சோப்புதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளும். அவளுக்காக உப்புநீர் சோப்பு செய்தேன். உப்பைக் கூழில் கொட்டாமல் தண்ணீரிலேயே கரைத்துவிடும் முறை. முதல் பேட்ச்சின் அதே எண்ணெய்க் கலவை, அதே காஸ்டிக் சோடா, 140 கிராம் தண்ணீரில் 30 கிராம் உப்பு. எண்ணெய்க்கு 6 சதவீதம்தான். இந்த அளவை ஆலிவ் சோப்பும் தாங்கும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் உப்பு முழுக்கக் கரைய வேண்டும், அப்புறம்தான் காஸ்டிக் சோடா. மாற்றிச் செய்தால் காரக் கரைசலில் உப்பு கரையாமல் அடியில் நின்றுவிடும். 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும் என்றாலும் அந்த எல்லைவரை போகாதீர்கள். காஸ்டிக் சோடா சேர்ந்ததும் உப்பில் ஒரு பகுதி திரும்ப வெளியே வந்துவிடும். தண்ணீரின் எடையில் கால் பங்குக்குள் நிறுத்துங்கள். சேர்த்ததும் கரைசல் பால் போலக் கலங்கும், அப்படியே பயன்படுத்தலாம்.

மறுநாள் காலை வெட்டினேன். கத்தி சீராக இறங்கியது, ஒரு துகளும் உதிரவில்லை. எட்டு வாரம் கழித்து அக்கா அதை வாங்கிப் பயன்படுத்திவிட்டு, மிச்சம் எத்தனை கட்டி இருக்கிறது என்று கேட்டாள். பதினொன்று இருந்தன. ஐந்தை எடுத்துக்கொண்டு போனாள்.